மண்டைதீவில் மைதானம் எழுகிறது. பந்து வீசும் உடல்களை யார் வளர்ப்பது?

மண்டைதீவில் யாழ்ப்பாணம் சர்வதேச கிரிக்கெட் மைதானத்தின் கட்டுமானப் பணிகளை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஆரம்பித்து வைத்தார். அதன் பின்னர் நிலம் பற்றியும் சூழல் பாதிப்புப் பற்றியும் முதல் சர்வதேசப் போட்டி எப்போது என்பது பற்றியும் நிறையப் பேசிவிட்டோம். எல்லாம் தேவையான பேச்சுத்தான். ஆனால் அந்த ஆடுகளத்தில் எங்கள் பிள்ளை ஒருவன் ஓடிவந்து வேகமாகப் பந்து வீசுவானா, அதற்கான உடலை அவனுக்கு யார் உருவாக்கிக் கொடுப்பது என்ற கேள்வி அதிகம் எழவில்லை.

யாழ். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 டிசெம்பரில் லங்கா பிரீமியர் லீக்கில் ஆடினார். 2023 ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கை அணிக்காகவும் 2024இல் ஐ.பி.எல்.லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காகவும் ஆடினார். அவர் சுழற்பந்து வீச்சாளர். முரளிதரனும் அப்படியே. வேகப்பந்தில் எங்கள் நம்பிக்கை இப்போது யாழ். பரியோவான் கல்லூரியிலிருந்து வந்த குகதாஸ் மாதுளன் மீது இருக்கிறது. மலிங்கவைப் போலக் கையைத் தாழ்த்திச் சுழற்றி வீசும் அவர், 2024இல் 19 வயதுக்குட்பட்ட ஆசியக் கிண்ணத்துக்கான இலங்கைக் குழாமில் இடம்பிடித்தார். இந்தத் திறமை 25 வயதிலும் களத்தில் நிற்குமா என்பது, இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த உடல் எப்படிப் பராமரிக்கப்படுகிறது என்பதில் தங்கியிருக்கிறது. மலிங்கவே முழங்கால் பாதிப்பால் 30 டெஸ்ட் போட்டிகளுடன் 2011இல் அந்த வகை ஆட்டத்திலிருந்து ஒதுங்கினார்.

வேகம் எங்கிருந்து வருகிறது?

வேகம் கையில் இல்லை. ஓட்டத்தில் சேர்ந்த விசை முன்கால் ஊன்றும்போது தடுக்கப்பட்டு, இடுப்புக்கும் முதுகுக்கும் ஏறி, தோள் வழியாக விரலுக்கு வருகிறது. அந்தக் காலில் விழும் சுமை உடல் எடையைப் போலப் பல மடங்கு. தொடையும் இடுப்பும் வயிற்றுத் தசைகளும் அதைத் தாங்காவிட்டால் சுமை கீழ்முதுகு எலும்புக்குப் போகும். வளர்கின்ற வயதில் வேகமாக வீசும் பையன்களுக்கு முதுகெலும்பில் கீறல் முறிவு வருவது இதனால்தான். “முதுகு பிடிச்சிருக்கு, எண்ணெய் பூசினால் சரி” என்று நாங்கள் விட்டுவிடுகிற வலி பல வேளைகளில் அந்த முறிவின் தொடக்கம்.

பந்தெறியும் உடலைப் பற்றி உலகில் அதிகம் ஆராய்ந்த விளையாட்டு பேஸ்போல். அதில் பந்தெறிபவர் 60 அடி 6 அங்குலத் தூரத்துக்கு, முழங்கையை மடக்கி வீசுகிறார். அதனால் கிரிக்கெட்டில் முதுகு படும் பாட்டை அங்கே முழங்கையின் உட்புறத் தசைநார் படுகிறது. 1974இல் டொமி ஜோன் என்ற வீரருக்கு அந்தத் தசைநார் கிழிந்தது. வைத்தியர் பிராங் ஜோப் அவரது மற்றக் கையிலிருந்து தசைநாண் எடுத்துப் பொருத்தினார். 1976இல் களத்துக்குத் திரும்பிய அவர் 1989 வரை ஆடினார். அந்தச் சத்திரசிகிச்சைக்கே அவருடைய பெயர் நிலைத்துவிட்டது.

அங்கேயும் ஒரு காலத்தில் “பாரம் தூக்கினால் தோள் இறுகிவிடும்” என்ற நம்பிக்கை இருந்தது. எங்கள் பயிற்றுநர்கள் சிலர் இன்றும் அதையே சொல்கிறார்கள். நோலன் ரயன் அந்த நம்பிக்கையை மீறிப் பாரப் பயிற்சி செய்தார். 46 வயது வரை வேகமாக எறிந்து 1993இல்தான் ஓய்வு பெற்றார். முதலில் சொந்த உடல் எடையில் பயிற்சி, நுட்பம் சரியான பின்னர் கண்காணிப்புடன் பாரம், படிப்படியாகக் கூட்டுதல் என்பதே இன்று பொதுவான வழி.

அதைவிடப் பெரிய பாடம் எண்ணுதல். அமெரிக்காவில் 2014இல் வந்த வழிகாட்டலின்படி 11-12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் எறியக்கூடாது. 17-18 வயதில் 105. அந்த வயதில் 81 பந்தைத் தாண்டினால் நான்கு நாள் ஓய்வு. இங்கிலாந்து கிரிக்கெட் சபையும் 13 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளருக்குத் தொடர்ச்சியாக 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர் என்று நீண்டகாலம் வரையறை வைத்திருந்தது. எங்கள் பக்கத்தில் நன்றாக வீசும் பையன் காலையில் வலைப்பயிற்சி, பகலில் பாடசாலைப் போட்டி, வார இறுதியில் ஊர்க் கழகத்துக்கு மென்பந்துச் சுற்று என்று ஓடுகிறான். மூன்றையும் கூட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை. நன்றாக வீசுகிறான் என்பதாலேயே அவன் கூடுதலாக வீசவைக்கப்படுகிறான்.

தேடல் ஒரு நாள், வளர்ப்பு பத்து ஆண்டு

2008இல் இந்தியா முழுவதும் நடந்த ஒரு பந்தெறிதல் போட்டியில் உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இரு ஈட்டி எறியும் இளைஞர்கள் தெரிவானார்கள். பேஸ்போலைக் கையால் தொட்டறியாத அவர்களை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், நோலன் ரயனுக்குப் பயிற்சியளித்த டொம் ஹவுஸிடம் மாதக்கணக்கில் விட்டார்கள். அதன் பின்னரே பிட்ஸ்பேர்க் பைரட்ஸ் கழகம் ஒப்பந்தம் செய்தது. ஹொலிவூட் அதைப் படமாக்கியது. படத்தில் பெரிதாக வராத பகுதி, ரிங்கு கீழ்மட்டத் தொடர்களில் ஆண்டுக்கணக்கில் உழைத்ததும் முழங்கைச் சத்திரசிகிச்சை வரை போனதும். உச்ச நிலைத் தொடருக்கு இருவருமே போகவில்லை. அவ்வளவு வசதியோடும், இருபதை நெருங்கித் தொடங்கியவர்களுக்கு இடைவெளி பெரிதாக இருந்தது.

எங்களிடம் வரும் “திறமை தேடல்” முகாம்கள் வேகமானியோடு வந்து ஒரு நாளில் போய்விடுகின்றன. எண்ணைத் துரத்துவதில் ஆபத்தும் உண்டு. அமெரிக்க பேஸ்போல் நிர்வாகம் 2024 டிசெம்பரில் வெளியிட்ட அறிக்கை, எப்போதும் உச்ச வேகத்தைத் தேடுவதே எறிபவர்களின் காயங்கள் பெருக முக்கிய காரணம் என்றது.

இதை நான் எழுதுவது கொழும்பு ஹெவ்லொக் டவுனிலிருந்து. ஹெவ்லொக் பார்க்கில் கோல்ட்ஸ், பி.ஆர்.சி., ஹெவ்லொக் ஆகிய கழகங்களின் மைதானங்கள் அருகருகே இருக்கின்றன. சமிந்த வாஸ் ஆடியது கோல்ட்ஸ் கழகத்துக்கு. சற்றுத் தள்ளிப் பம்பலப்பிட்டியில் இருக்கும் புனித பேதுருவானவர் கல்லூரியிலிருந்துதான் 1980களில் 6 டெஸ்ட்களில் 28 விக்கெட் எடுத்த தமிழரான வினோதன் ஜோன் வந்தார். இங்கே பணமுள்ள பெற்றோரின் 15 வயதுப் பிள்ளைக்குப் பயிற்றுநர், உடற்பயிற்சிக்கூடம், இயன்மருத்துவர் எல்லாம் ஓட்டோ போகும் தூரத்தில். அதே வயதில் முல்லைத்தீவுப் பிள்ளைக்கு முதுகு வலித்தால் ஒரு ஸ்கேனுக்காக மாவட்டம் தாண்டிப் போகவேண்டி வரலாம். வீட்டில் ஒரு நாள் கூலி போய்விடும்.

தெற்கின் ஏழைப் பிள்ளைக்கு இன்னொரு கதவு உண்டு: முப்படைகள். படையில் சேர்ந்தால் சம்பளம், மூன்று வேளைச் சாப்பாடு, உடற்பயிற்சிக்கூடம், வைத்தியர், போட்டி எல்லாம் கிடைக்கும். இலங்கையின் பேஸ்போல் அணியும் பெரும்பாலும் அப்படித்தான் நிற்கிறது. 2008 ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் 6 விக்கெட் எடுத்த அஜந்த மெண்டிஸ் இராணுவத்தவர். அந்த ஜூலையில் வன்னி மக்கள் எங்கே இருந்தார்கள் என்பதை இதை வாசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கதவைத் தட்டச் சொல்லி எந்தத் தாயிடம் கேட்பது? ஏழை வீரனை வளர்க்கும் ஒரேயொரு அரச ஏற்பாடு படை முகாமுக்குள் இருக்கும்வரை, எங்கள் பிள்ளைகள் போட்டிக்கு முன்னரே வெளியே நிற்கிறார்கள். யாழ். துரையப்பா விளையாட்டரங்கைத் திருத்தத் தோண்டியபோது 1999இல் மனித எலும்புகள் வந்தன. எங்களுக்கு மைதானம் என்பதே வேறு கதை.

செய்யக்கூடியவை

இது முடியாத காரியம் அல்ல. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் கோலூன்றிப் பாய்தலைத் தொடர்ச்சியாகக் கற்பித்ததால் அனித்தா ஜெகதீஸ்வரன் தேசிய சாதனையைப் பலமுறை முறியடித்தார். நிலைத்து நின்ற பயிற்சி பலன் தந்தது.

பாடசாலைகள் முதலில் செய்யக்கூடியது செலவில்லாதது: ஒவ்வொரு பந்துவீச்சாளனுக்கும் ஒரு கொப்பி. பயிற்சி, பாடசாலைப் போட்டி, கழகப் போட்டி மூன்றிலும் வீசிய பந்துகளை அதில் எழுதவேண்டும். வலித்த நாளையும் எழுதவேண்டும். வலியைச் சொன்னவனை அணியிலிருந்து நீக்கும் பழக்கம் முதலில் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் எவனும் சொல்லமாட்டான்.

மாகாண விளையாட்டுத் திணைக்களம் மாவட்டத்துக்கு ஓர் இயன்மருத்துவரையும் ஒரு வலிமைப் பயிற்றுநரையும் பாடசாலைகளுக்குச் சுழற்சியில் அனுப்பலாம். மண்டைதீவு மைதானத் திட்டத்திலும் பார்வையாளர் இருக்கைக்கு முன்னர் உடற்பயிற்சிக்கூடத்தையும் விடுதியையும் கேட்கவேண்டும். அது கட்டுமானம் முடிவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி.

புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்களிடமும் ஒன்று கேட்கலாம். நீங்கள் அனுப்பிய பணத்தில் மண்டபமும் மதிலும் எழுந்தன, பெயர்ப்பலகையும் பதித்தோம். நன்றி. அடுத்த முறை ஒரு பயிற்றுநரின் ஐந்து ஆண்டுச் சம்பளத்தையும், பயிற்சி முடித்து வரும் பிள்ளைகளுக்கு நாளுக்கு இரண்டு முட்டையையும் பொறுப்பெடுங்கள். தசை பயிற்சியால் மட்டும் வளர்வதில்லை. வெறும் வயிற்றோடு ஓடிவரும் பிள்ளைக்குப் பாரம் தூக்கக் கற்றுக்கொடுப்பதில் பயனில்லை.