விளக்கை அணைத்தால் ரிப்பேர் ஆகிவிடுமா?



ஆண்டு மலர் என்றால் நட்பு, காதல், ஹாஸ்டல் சாம்பார் இந்த மூன்றைப் பற்றி மட்டும்தான் எழுத வேண்டுமா என்ன? ஆட்டோமொபைல் பிரிவிலிருந்து ஒரு கட்டுரைகூட வரலைன்னு சங்கச் செயலாளர் மூணு தடவை வந்து கேட்டுவிட்டார். ஆகவே எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சின்னப் பொருளைப் பற்றி எழுதுகிறேன். அது ஒரு ரெண்டு ஓம் ரெசிஸ்டர். விலை சில ரூபாய்தான். அதை வைத்து நான் செய்த தப்பும் இதில் இருக்கிறது. படித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் கேன்டீனில் வந்து திட்டலாம்.

போன சீசனில் தென்காசியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எனக்கு இன்பிளான்ட் டிரெயினிங். குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் இங்கே மெக்கானிக்குகளுக்குத் தூக்கம் கிடையாது. மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று பகலெல்லாம் சுற்றுகிற வாடகை வண்டிகள், மறுநாளே செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் கேரளாவுக்கு ஓடும். ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் சோறு போச்சு.

அப்படி ஒரு வண்டி காலை பத்து மணிக்கு வந்து நின்றது.

“அண்ணாச்சி, மீட்டர்ல இந்தப் பலூன் போட்ட லைட்டு எரிஞ்சிக்கிட்டே கெடக்கு. ஏறுத பார்ட்டியெல்லாம் என்னன்னு கேக்காவ. பதினோரு மணிக்கு ட்ரிப்பு இருக்கு, பாத்து விடுங்க” என்றார் டிரைவர் அண்ணன்.

ஸ்கேனரைப் போட்டோம். ‘டிரைவர் ஏர்பேக் சர்க்யூட், ரெசிஸ்டன்ஸ் அதிகம்’ என்று வந்தது. முதலாளி அண்ணாச்சி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “ஏலே, ஸ்டீயரிங்குக்குக் கீழ மஞ்சக் கப்ளர் இருக்கும். அதைக் கழத்திட்டு ரெசிஸ்டரைச் சொருகி டேப்பைச் சுத்தி விடு” என்றார். செய்தேன். ஃபால்ட் கோடை அழித்தோம். விளக்கு அணைந்தது. மொத்தம் கால் மணி நேரம். டிரைவர் அண்ணன் என் கையில் ஐம்பது ரூபாயைத் திணித்து, “புரோட்டா சாப்பிடு தம்பி” என்றார். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

நான் என்ன செய்தேன் என்று மற்றப் பிரிவு நண்பர்களுக்கும் புரியும்படி சொல்கிறேன். ஸ்டீயரிங் நடுவில் மடித்து வைத்திருக்கிற பையை விரிய வைக்க ஒரு சின்ன மின்திரி உண்டு. அதன் தடை ஏறக்குறைய ரெண்டு ஓம். ஏர்பேக் கம்ப்யூட்டர் வண்டி ஓடும்போதெல்லாம் ரொம்பச் சின்ன கரன்ட்டை அனுப்பி, ‘ரெண்டு ஓம் இருக்கியா?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். மோதல் வந்தால், ஒரு ஆம்பியருக்குச் சற்று மேலான கரன்ட் ரெண்டு மில்லி செகண்ட் பாய்ந்தாலே போதும். திரி பற்றி, கண் இமைக்கும் முன்னே பை விரிந்துவிடும். நான் சொருகிய ரெசிஸ்டரும் ரெண்டு ஓம். கம்ப்யூட்டர் கேட்கும்போது அது ‘உள்ளேன் ஐயா’ என்றது. நம் பாஷையில் சொன்னால் பிராக்ஸி! வகுப்பில் பிராக்ஸி கொடுத்தால் அட்டென்டன்ஸோடு போகும். இங்கே மோதல் நடக்கும்போது ஆளே இருக்க மாட்டான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ரெசிஸ்டர்தான் கோளாறைக் கண்டுபிடிக்கிற கருவியும். முறையாகச் செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, மேனுவலில் சொன்ன நேரம் வரை காத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குள் உள்ள கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும், அவசரப்பட்டால் பை முகத்தில் விரியலாம். பிறகு ஸ்டீயரிங் நடுவில் உள்ள பையின் கப்ளரைக் கழற்றி, பைக்குப் பதிலாக ரெசிஸ்டரை வைத்து, பேட்டரியை இணைத்து, கோடை அழித்துப் பார்க்க வேண்டும். கோடு திரும்ப வரவில்லையா? கோளாறு பையில். வந்ததா? கோளாறு அதற்குக் கீழே. அடுத்து, மறுபடி பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்து, ரெசிஸ்டரை ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள கப்ளருக்கு மாற்ற வேண்டும். இப்போது கோடு போய்விட்டால் இடையில் இருக்கிற கிளாக் ஸ்பிரிங்தான் குற்றவாளி. அப்போதும் போகவில்லையென்றால் வயர், இல்லை கம்ப்யூட்டர். ஓம் விதி படித்த யாரும் செய்யலாம். நான் கடைசிப் படியிலிருந்து ஆரம்பித்து அங்கேயே நிறுத்திவிட்டேன்.

மல்டிமீட்டரை எடுத்து நேராக ஏர்பேக்கின் முனைகளில் வைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது! மீட்டரின் பேட்டரி கரன்ட்டே திரியைப் பற்றவைத்துவிடும் அபாயம் உண்டு. டெஸ்ட் லேம்ப் அதைவிட மோசம். இன்னொரு பொறியும் இருக்கிறது. இந்த மஞ்சள் கப்ளர்களைக் கழற்றியதும் உள்ளே ஒரு சின்னத் தகடு ரெண்டு பின்னையும் தானே ஒட்டிவிடும்; ஸ்டாட்டிக் மின்சாரத்தில் பை வெடிக்காதிருக்க அந்த ஏற்பாடு. இது தெரியாமல் கம்ப்யூட்டர் பக்கத்துக் கப்ளரைக் கழற்றி வயரை அளந்தால் பூஜ்யம் காட்டும். ‘வயர் ஷார்ட்’ என்று நல்ல வயரிங்கை மாற்றுகிற கூத்து அப்படித்தான் நடக்கிறது.

கிளாக் ஸ்பிரிங் என்பது கடிகார ஸ்பிரிங் போலச் சுருட்டி வைத்த தட்டையான ரிப்பன் கேபிள். ஸ்டீயரிங் சுழலும்போது அது சுருண்டு விரியும். ஹாரன் இணைப்பும் அதற்குள்தான். ஆரியங்காவு பாதையில் தினமும் வளைவுகளில் ஒடிக்கிற வண்டிக்கு அது எத்தனை தடவை சுருண்டு விரியும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கைக் கழற்றி மாட்டும்போது ரிப்பனை நடுவில் நிறுத்தாமல் மாட்டினால், ஒரு பக்கம் முழு ஒடிப்பு ஒடிக்கையில் அறுந்தே போகும்.

அதே விளக்கு வேறு காரணத்துக்கும் எரியும் என்பதையும் சொல்ல வேண்டும். அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு ஏறுகிற கூட்டத்தால் சீசன் வண்டிகளின் தரைவிரிப்பு காய்வதே இல்லை. பல வண்டிகளில் சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற அமைப்புக்கும் பக்கவாட்டு ஏர்பேக்குக்கும் கப்ளர் சீட்டுக்கு அடியில்தான். அதில் பச்சைக் களிம்பு பிடித்தாலும் இதே விளக்குதான் எரியும். ஸ்டீயரிங்கில் கை வைக்கும் முன்னே கோடு எந்தச் சர்க்யூட்டைச் சொல்கிறது என்று பார்க்கச் சொல்வது இதனால்தான். இன்ஜின் கோடு மட்டும் படிக்கிற மலிவு ஸ்கேனர் இதற்கு உதவாது.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற கார்களை மோதவிட்டுப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத போலோவுக்குப் பூஜ்யம். ரெண்டு ஏர்பேக் வைத்த அதே போலோவுக்கு நாலு நட்சத்திரம். 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் புதுக் கார்களுக்கு டிரைவர் ஏர்பேக் கட்டாயம் ஆனது. 2021 முடிவதற்குள் பக்கத்து சீட்டுக்கும் ஆனது. சட்டம் பையை வைக்கச் சொல்லிவிட்டது, சரி. நாலைந்து வருஷம் கழித்துத் தென்காசியில் ஒரு பையன் அதற்கு பிராக்ஸி போட்டால் அந்தச் சட்டம் என்ன செய்யும்?

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கதையைக் கேளுங்கள். அவர்கள் சில கார்களில் வைத்த இக்னிஷன் சுவிட்ச் ஓட்டத்திலேயே நழுவி இன்ஜினை அணைத்துவிடும்; அதோடு ஏர்பேக்கும் செத்துவிடும். பையில் ஒரு கோளாறும் கிடையாது, கரன்ட்தான் போகவில்லை. 2014-ல்தான் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். நஷ்டஈட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. அதைக் கண்டுபிடித்தது எப்படி? 2010-ல் ஜார்ஜியாவில் இறந்துபோன ஒரு இளம் நர்ஸின் வழக்கில், புளோரிடாவைச் சேர்ந்த ஒரு இன்ஜினியர் சுமார் முப்பது டாலருக்குக் கடையில் புது சுவிட்ச் வாங்கி, பழையதையும் அதையும் பிரித்து அளந்து பார்த்தார். பார்ட் நம்பர் ஒன்றே, உள்ளே ஸ்பிரிங் வேறு! சத்தமில்லாமல் மாற்றியிருக்கிறார்கள். அத்தனை பெரிய கம்பெனி மறைத்ததை ஒரு மனுஷன் மேசையில் உட்கார்ந்து அளந்தே வெளியே கொண்டுவந்தார்.

எங்கள் அண்ணாச்சியைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. “பார்ட்ஸ் போட்டா துட்டு தருவான். ரெண்டு மணி நேரம் உக்காந்து கண்டுபிடிச்சேன்னு சொன்னா எவம்ல தருவான்?” என்று கேட்டார். உண்மைதானே? டாக்டர் பார்த்ததற்கு ஃபீஸ் உண்டு, மருந்து தனி. மெக்கானிக் பார்த்ததற்குக் கிடையாது. நம் கல்லூரியிலும் அதே கதைதான். படம் வரைந்தால் மார்க், பாகங்களின் பேர் எழுதினால் மார்க். கோளாறு வைத்த ஒரு சர்க்யூட்டைக் கொடுத்துக் கண்டுபிடி என்று எந்தப் பிராக்டிகலிலும் என்னிடம் கேட்டதில்லை. கண்டுபிடிப்பதற்குக் கூலியும் இல்லை, மார்க்கும் இல்லை என்றால் பிராக்ஸி போடத்தான் எல்லோரும் கற்றுக்கொள்வார்கள். ஒர்க்‌ஷாப்களில் பரிசோதனைக் கட்டணம் என்று தனியாக எழுதி வாங்கட்டும். வண்டிக்காரர்கள் முகம் சுளிக்காமல் கொடுக்கட்டும். நம் பிராக்டிகலில் கோளாறு வைத்த சர்க்யூட் ஒன்றாவது வேண்டும். இதைச் சங்கம் முதல்வரிடம் எழுத்து மூலமாகக் கேட்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

பழைய கார் வாங்கப்போகும் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று சந்தேகப்படலாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்தபோதுதான் ஆயில் விளக்கோடு சேர்ந்து அணைகிறதா? அதோடு முடிச்சுப் போட்டிருக்க வாய்ப்புண்டு. ரெசிஸ்டர் போட்டிருந்தால் இந்தச் சோதனையிலும் தெரியாது. கப்ளரைத் தேடித்தான் பார்க்கணும்.

ரெண்டு வாரம் கழித்து அதே வண்டி வந்தது. இப்போது ஹாரன் அடிக்கவில்லை. அப்போதுதான் டிரைவர் அண்ணனிடம் நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்: “ஸ்டீயரிங் கழத்தினீங்களாண்ணே?” போன மாசம் வேறொரு இடத்தில் கழற்றி வேலை பார்த்தார்களாம். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அண்ணாச்சி டீ குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“அப்போ இந்த ரெண்டு வாரமும் அது வேலை செய்யாதா தம்பி? பத்து நாள் மலையேறியிருக்கேனே. ஒரு ட்ரிப்பு எம் பிள்ளையளையும்லா கூட்டிட்டுப் போனேன்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுநாள் திருநெல்வேலிக்குப் போய் அவரே புது கிளாக் ஸ்பிரிங் வாங்கி வந்தார். சக்கரத்தை நேராக நிறுத்தி, ஸ்பிரிங்கை நடுவில் வைத்து மாட்டினேன். ரெசிஸ்டரை எடுத்து மஞ்சள் கப்ளரைத் திரும்பச் சொருகினேன். விளக்கு ஆறு நொடி எரிந்து தானாக அணைந்தது, ஹாரனும் அடித்தது. அண்ணாச்சி இன்றுவரை என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

அறுந்த அந்தக் கிளாக் ஸ்பிரிங் இப்போது நம் ஆட்டோ லேபில் ஜன்னலோர மேசையில் இருக்கிறது, பக்கத்திலேயே அந்த ரெசிஸ்டரும். இதில் பை கிடையாது, ஆகவே பயமில்லை. ரிப்பனின் ரெண்டு முனையிலும் மீட்டரை வைத்துக்கொண்டு மெல்லச் சுழற்றுங்கள். இடது பக்கம் ஒன்றரைச் சுற்றில் முள் விழுவதைப் பார்க்கலாம்.