தானமாக வந்த வண்டி

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம்மவர் பழமொழி. கொடுத்தவர் மனம் நோகலாகாது என்னும் நல்லெண்ணம் அதிலே பொதிந்திருக்கின்றது. ஆனால், கொடுப்பது அரசாங்கமாகவும், கொடுபடுவது குடிமக்களின் வரிப்பணமாகவும் இருக்குமிடத்து இப்பழமொழி பொருந்துமா? அங்கே பல்லைப் பார்ப்பது மாத்திரம் போதாது. மாட்டைக் கட்டுவதற்குத் தொழுவம் உண்டா, போடுவதற்கு வைக்கோல் உண்டா என்றும் பார்த்தல் வேண்டும். மாற்று எரிபொருளில் ஓடும் வாகனங்களை வாங்குமாறு உள்ளூராட்சி மன்றங்களுக்குப் பொதுப் பணத்தைக் கொடுத்து உதவும் முயற்சியிலே ஐக்கிய அமெரிக்காவுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவம் உண்டு. அவ்வனுபவம் போதிக்கும் பாடம் இதுவேயாம்.

1990-ஆம் ஆண்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது எண்ணெய் விலை திடீரென ஏறிற்று. பிறநாட்டு எண்ணெயை நம்பியிருத்தல் எத்துணை ஆபத்தானது என்பதை அமெரிக்கர் மீண்டும் ஒருமுறை உணர்ந்தனர். 1992-இல் அந்நாட்டுக் கொங்கிரஸ் சபை எரிசக்திக் கொள்கைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிற்று. இயற்கை வாயு, புரொப்பேன், எதனோல், மெதனோல், ஐதரசன், மின்சாரம் முதலியவற்றை மாற்று எரிபொருள்கள் என அச்சட்டம் வகுத்தது. மத்திய அரசாங்கமும் மாநில அரசாங்கங்களும் புதிதாக வாங்கும் வாகனங்களில் ஒரு பங்கு இவ்வெரிபொருள்களில் ஓடத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. அடுத்த ஆண்டிலே ‘தூய நகரங்கள்’ என்னும் திட்டம் அத்லாந்தா நகரில் தொடங்கிற்று. நகராட்சிகளையும், வாகனங்களை வைத்திருப்போரையும், எரிபொருள் விற்போரையும் ஒரே மேசையைச் சுற்றி அமரச் செய்ததே அதன் சிறப்பு.

நோக்கம் நன்று. ஆனால், சட்டம் வாகனத்தை எண்ணிற்றேயன்றி, அதனுள்ளே ஊற்றப்பட்ட எரிபொருளை எண்ணவில்லை. பெற்றோலிலும் எதனோல் கலவையிலும் ஓடவல்ல இருவழி வண்டிகள் ஆயிரக்கணக்கில் வாங்கப்பட்டன. எதனோல் கலவையை விற்கும் நிலையங்களோ மிகச் சில. ஆகவே, ஏட்டிலே மாற்று எரிபொருள் வாகனங்கள் எனப் பதியப்பெற்றவற்றுட் பல, வீதியிலே பெற்றோலைக் குடித்துக்கொண்டே ஓடின. இக்குறையை நீக்குதற்பொருட்டு, மத்திய அரசாங்கத்தின் இருவழி வண்டிகள் மாற்று எரிபொருளையே உபயோகித்தல் வேண்டும் என 2005-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அவ்வெரிபொருள் கிடையாத இடங்களுக்கு விலக்கும் அளித்தது. வாங்குவது வேறு, வழங்குவது வேறு என்பதை உணர்ந்துகொள்ளப் பதின்மூன்று ஆண்டுகள் சென்றன.

இனி, பிள்ளைகளுக்கு நெருங்கிய ஒரு வண்டியைப் பற்றிப் பார்ப்போம். அமெரிக்கப் பாடசாலைப் பஸ்ஸின் மஞ்சள் நிறத்தைப் படங்களிலே காணாதார் இலர். 1939-ஆம் ஆண்டில், நியூயோர்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில், பிராங் சைர் என்னும் பேராசிரியர் கூட்டிய மாநாட்டிலேதான் அந்நிறம் தீர்மானிக்கப்பட்டது. விடியற்காலை மங்கிய ஒளியிலும் அந்நிறத்தின்மேற் கறுப்பு எழுத்துக்கள் தெளிவாகத் தெரியும் என்பதே காரணம். அம்மாநாட்டை நடத்துதற்கு றொக்பெல்லர் அறநிறுவனம் 5,000 டொலர் உதவிற்று. ஆகவே, அந்த வண்டியின் நிறமே ஒரு நன்கொடையின் பயன் எனலாம்.

அவ்வண்டிகள் இன்று ஏறத்தாழ 5 இலட்சம் உள. நாள்தோறும் 2 கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஏற்றிச் செல்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை டீசலில் ஓடுவன. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-இல் ஐயத்துக்கு இடமின்றி அறிவித்தது. வளர்ந்தோரைக் காட்டிலும் பிள்ளைகள் தம் உடல் நிறைக்கு மிகுதியான காற்றைச் சுவாசிப்பவர்கள். அவர்களுடைய நுரையீரலோ இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது. பாடசாலை வாயிலிலே இயந்திரத்தை நிறுத்தாது வரிசையாக நிற்கும் பஸ்களின் புகை, ஏறி இறங்கும் பிள்ளைகளின் முகத்திலேயே படுகின்றது. வண்டியின் உள்ளேயும் அது புகுகின்றது. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் தாய்க்கு இதன் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை.

அப்படியாயின் மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். அமெரிக்காவிலே பாடசாலைகளை நடத்துவோர் அந்தந்த ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கும் பாடசாலைச் சபையினர். இவ்வாறான பாடசாலை வட்டாரங்கள் ஏறத்தாழ 13,000 உள. அவற்றின் வருமானத்திற் கணிசமான ஒரு பகுதி ஊரவர் செலுத்தும் ஆதன வரியாகும். டீசல் பஸ் ஒன்று ஒரு இலட்சம் முதல் ஒன்றரை இலட்சம் டொலர் வரையில் விற்கும்போது, மின்சாரப் பஸ்ஸின் விலை மூன்றரை இலட்சத்துக்கும் மேற்சென்றது. நிலமதிப்புக் குறைந்த ஊருக்கு வரி குறைவு. வரி குறைந்த ஊரிலே பஸ் பழையது. பழைய பஸ்ஸிலே புகை அதிகம். ஆகவே, ஏழைப் பிள்ளைக்கே கூடுதலான புகை வந்து சேருகின்றது. இச்சங்கிலியை அறுப்பதற்கு ஊர்ச் சபையின் கை போதாது. மத்திய திறைசேரியின் கையும் சேருதல் வேண்டும்.

2021 நவம்பரிற் கையொப்பமான உட்கட்டமைப்புச் சட்டம், தூய பாடசாலைப் பஸ்களுக்கென 5 ஆண்டுகளில் வழங்குமாறு 500 கோடி டொலரை ஒதுக்கிற்று. 2022-இல் முதற்கட்டமாக 50 கோடி டொலர் அறிவிக்கப்பட்டபோது, வந்த விண்ணப்பங்கள் கேட்ட தொகை ஏறத்தாழ 400 கோடி. அதன்பின் தொகை ஏறக்குறைய இரட்டிப்பாக்கப்பட்டது. சுமார் 2,500 பஸ்களுக்கு உதவி கிடைத்தது. அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மின்சாரப் பஸ்கள். எஞ்சியவை பெரும்பாலும் புரொப்பேன் வாயுவில் ஓடுவன. வறிய ஊர்களுக்கும் கிராமப்புறங்களுக்கும் முதலிடம் அளிக்கப்பட்டது. அத்தகைய இடங்களுக்குப் பெரிய மின்சாரப் பஸ் ஒன்றுக்கு 3,75,000 டொலர் வரையில் வழங்கப்பட்டது.

இரண்டு நிபந்தனைகள் நம் கவனத்துக்கு உரியன. ஒன்று, மாற்றப்படும் பழைய டீசல் பஸ்ஸை அழித்துவிடல் வேண்டும் என்பது. இயந்திரத்திலே 3 அங்குலத் துளையிட்டு, வண்டியின் அடிச்சட்டத்தை வெட்டுவதே முறை. இவ்விதி இல்லாவிடின் அந்தப் பழைய பஸ் விலைப்பட்டு, இன்னோர் ஊரிலே இன்னொரு பிள்ளையின் முகத்திற் புகையைக் கக்கும். மற்றொன்று, முதற்கட்டத்திலே உதவி பெறுவோர் சீட்டிழுப்பு மூலம் தெரிவு செய்யப்பட்டமை. செல்வம் படைத்த ஊர் நிபுணரைக் கூலிக்கு அமர்த்தி விண்ணப்பத்தை அழகாக எழுதுவிக்கும். ஏழை ஊரில் அதற்கு ஆள் இல்லை. சீட்டுக்கு இவ்வேற்றத்தாழ்வு தெரியாது. ஆனால், சீட்டுக்கு இன்னொன்றும் தெரியாது: பஸ் வந்து சேரும்போது அதற்கு மின்னேற்ற இடம் ஆயத்தமாக இருக்குமா என்பது.

அங்கேதான் இடர்ப்பாடு தோன்றிற்று. பத்துப் பஸ்கள் ஒரே இரவில் மின்னேற்றம் பெறுவதாயின், வீட்டுக்கு வரும் கம்பி போதாது. மின்மாற்றியும் தடித்த கம்பிகளும் தேவை. மின்சாரக் கம்பெனிகளின் தாமதம் இத்திட்டத்தைப் பாதிக்கக்கூடும் என, திட்டத்தை நடத்திய சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனத்தின் பரிசோதகர் நாயகமே 2023 டிசெம்பரில் எச்சரித்தார். மேரிலாந்து மாநிலத்திலுள்ள மொன்கொமரி வட்டாரம் 2021-இல் 326 மின்சாரப் பஸ்களுக்கு ஒப்பந்தம் செய்தது. அவை உரிய காலத்தில் வந்து சேராமையால் மீண்டும் டீசல் பஸ்களை வாங்க நேர்ந்தது. 2024 டிசெம்பரில், கனடா நாட்டு லயன் எலெக்ட்ரிக் கம்பெனி கடன்காரரிடமிருந்து பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அதனிடம் பஸ்களை வாங்கிய அமெரிக்க வட்டாரங்கள், உதிரிப்பாகத்துக்கு யாரிடம் செல்வது எனத் திகைத்தன. பழைய பஸ்ஸை வெட்டிய பின்னர்ப் புதிய பஸ் பழுதாகி நிற்குமாயின், காலையிலே தெருவோரத்திற் காத்துநிற்கும் பிள்ளைக்கு எந்தப் பஸ் வரும்?

இதனால் மின்சாரப் பஸ் உதவாது என்று முடிவு கட்டலாகாது. உண்மையிலே பாடசாலைப் பஸ்ஸுக்கு மின்சாரம் மிகப் பொருத்தமானது. அது செல்லும் தூரம் முன்னரே தெரிந்தது. காலையும் மாலையும் ஓடிவிட்டு ஒரே இடத்துக்குத் திரும்புவது. நடுப்பகலிலும் இரவிலும் ஓய்ந்திருப்பது. மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் பெவர்லி நகரிலே, 2021-ஆம் ஆண்டுக் கோடையில், விடுமுறையில் நின்ற பாடசாலைப் பஸ் ஒன்று தன் பற்றரியிலிருந்து 50 மணி நேரத்துக்கு மேல் ஊருக்கு மின்சாரத்தைத் திருப்பி வழங்கிற்று. கலிபோர்ணியாவின் ஓக்லாந்து நகரத்துப் பாடசாலைகளுக்கு 2024 முதல் 74 மின்சாரப் பஸ்கள் ஓடத் தொடங்கின. அவையும் மின்சாரத்தைத் திருப்பி அளிக்குமாறு அமைந்தவை. அவ்வாறு அளிப்பதற்கு வண்டி மட்டும் போதாது. அதற்கேற்ற மின்னேற்றியும், மின்சாரக் கம்பெனியின் உடன்பாடும் வண்டியோடு கூட வருதல் வேண்டும்.

ஆகவே, மானியத்தின் வெற்றியை எத்தனை வண்டிகள் வாங்கினோம் என்று அளத்தல் தவறு. எத்தனை நாள்கள் அவை பிள்ளைகளை ஏற்றிச் சென்றன என்று அளத்தலே முறை. பணத்தில் ஒரு பகுதியை முதலிலே கம்பிக்கும் மின்னேற்றிக்கும் மெக்கானிக்கின் பயிற்சிக்கும் கொடுத்து, மற்றொரு பகுதியை வண்டி ஓராண்டு ஒழுங்காக ஓடிய பின்னர்க் கொடுத்தால் என்ன? ஆயத்தமாக இருக்கும் ஊருக்கே கொடுப்போம் என்று சொல்லிவிட்டால், செல்வமுள்ள ஊரே மீண்டும் முந்திக்கொள்ளும் அல்லவா என்று வாசகர் கேட்பர். நியாயமான கேள்வி. ஆயத்தம் செய்வதற்கும் உதவி செய்தலே அதற்கு விடை. சீட்டு விழுந்த ஏழை ஊருக்கு வண்டிக்கு முன்னரே ஒரு பொறியியலாளரை அனுப்புதல் வேண்டும்.

எந்த நாட்டிலும் புதிய பஸ்ஸுக்கு மாலை சூட்டிப் படமெடுப்பதற்கு ஆட்கள் திரளுவர். பொதுப் பணத்தின் பயனை அறிய விரும்பும் மாணவர், அப்படம் வெளிவந்த நாளைக் குறித்துவைத்து, ஓராண்டு கழிந்தபின் அந்த வண்டி எங்கே நிற்கின்றது என்று விசாரிப்பாராக. வீதியிலே ஓடினால் மகிழலாம். கொட்டகையிலே நின்றால், ஏன் என்று சபையைக் கேட்கலாம். அவ்வண்டிக்கு விலை கொடுத்தவர்கள் அவர்களுடைய பெற்றோரே.