சால்வை போட்டாச்சு... அடுத்த மாசச் செலவுக்கு? வெளிநாட்டு ஸ்காலர்ஷிப்புக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

குந்தாரப்பள்ளி கூட்ரோடு பக்கத்துக் கல்லூரி மாணவி ஒருவருக்கு நாளைக்கே ஒரு பெரிய சர்வதேச ஸ்காலர்ஷிப் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்? நமக்கே தெரியும். கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ், மேடை, சால்வை, நினைவுப் பரிசு. அன்று மாலைக்குள் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் அந்த போட்டோ இருக்கும்.

பாராட்டுவதில் தப்பே இல்லை. ஆனால் அந்த போட்டோவுக்கும் விமானம் ஏறும் நாளுக்கும் நடுவில் சில மாதங்கள் இருக்கின்றன. பல வெற்றிகள் தடுமாறுவது அங்கேதான்.

கடிதம் வந்துவிட்டாலே போதுமா?

போதாது என்பதற்குச் சமீபத்திய உதாரணம் 2025-ல் நடந்தது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களின் பிள்ளைகள் வெளிநாட்டில் முதுகலையும் ஆராய்ச்சியும் படிக்க மத்திய அரசு தரும் உதவிதான் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை. ஆண்டுக்கு 125 இடங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

அந்த ஆண்டு தேர்வானவர்கள் 106 பேர். ஜூலை தொடக்கத்தில் வெளியான செய்திகளின்படி, அவர்களில் 40 பேருக்கு மட்டுமே முதலில் தற்காலிக ஒதுக்கீட்டுக் கடிதம் தரப்பட்டது. மீதி 66 பேருக்கு, 'நிதி இருப்பைப் பொறுத்து' என்று பதில். வெளிநாட்டில் வகுப்புகள் தொடங்குவதோ ஆகஸ்ட், செப்டம்பரில். தேர்ச்சி பெற்றுவிட்டோம் என்று ஊருக்கே சொன்ன பிறகு, ஒரு மாதத்துக்கு முன்னால் இப்படி ஒரு வரி வந்தால் அந்த வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பணம் எங்கெல்லாம் இடிக்கும்?

முதல் இடி ஸ்காலர்ஷிப் கிடைப்பதற்கு முன்பே வந்துவிடும். ஐஇஎல்டிஎஸ் தேர்வுக் கட்டணம் மட்டுமே பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல். பாஸ்போர்ட், மதிப்பெண் சான்றுகள், சில பல்கலைக்கழகங்களின் விண்ணப்பக் கட்டணம் எல்லாம் தனி.

இரண்டாவது, பயணம். முழு உதவித்தொகை என்று பெயர் இருந்தாலும் எல்லாவற்றிலும் விமான டிக்கெட் சேராது. அரசுப் பள்ளியில் படித்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவர்களின் முதல் பயணச் செலவை அரசே ஏற்கும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்ததற்குக் காரணமும் இதுதான்.

மூன்றாவதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை: வீட்டுக்கு வராமல் போகும் சம்பளம். ஓசூர், கிருஷ்ணகிரி பெல்ட்டில் டிகிரி முடித்த கையோடு கம்பெனி வேலை என்பதுதான் பல குடும்பங்களின் திட்டம். அந்த முதல் சம்பளத்தை நம்பி தம்பி படிப்பு, தங்கச்சி கல்யாணம், வாங்கிய கடன் எல்லாம் காத்திருக்கும். ஸ்காலர்ஷிப் மாணவிக்குச் சோறு போடும், வீட்டுக்குப் போடாது. 'கிடைச்சும் போகல' என்ற கதைகள் இங்கேதான் உருவாகின்றன.

இது புதுப் பிரச்சினையா?

இல்லை. கணித மேதை ராமானுஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை ஆங்கிலத்தில் தோற்றதால் இழந்தவர் அவர். பிறகு சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கிளார்க். 1914-ல் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்ட் உதவித்தொகை தந்து கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியது. அதில் 50 பவுண்ட் இங்கே இருந்த அவர் குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது. டிரினிட்டி கல்லூரி தன் பங்குக்கு 60 பவுண்ட் சேர்த்தது. வீட்டுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்பது நூறு வருஷத்துக்கு முன்பே புரிந்திருக்கிறது.

மறுபக்கம் அம்பேத்கர். பரோடா சமஸ்தான உதவித்தொகையில் 1913-ல் கொலம்பியா போனவர், அதன் காலம் முடிந்ததால் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 1917-ல் திரும்ப வேண்டியதாயிற்று. சொந்தச் சேமிப்போடு நண்பரின் கடனும் சேர்ந்த பிறகுதான் 1920-ல் மறுபடி போக முடிந்தது. இன்று அவர் பெயரில் தமிழ்நாடு அரசு நடத்தும் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம், ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது.

வேலைக்குப் போய்விட்டவர்களுக்கு வாய்ப்பு இல்லையா?

இருக்கிறது. சில உதவித்தொகைகளுக்கு வேலை அனுபவம் கட்டாயம். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்குக் குறைந்தது 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், அதாவது ஏறக்குறைய இரண்டு வருஷம். கல்விக் கட்டணம், மாதப்படி, விமானச் செலவு எல்லாம் அதில் உண்டு. விண்ணப்பக் கட்டணம் கிடையாது. படித்து முடித்ததும் ஊர் திரும்பி இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறந்து அக்டோபரில் மூடும். ஓசூரில் இரண்டு வருஷம் ஷிஃப்ட் பார்த்த இன்ஜினியருக்கு அந்த அனுபவமே ஒரு தகுதி.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் வேறு வகை. முதுகலையைக் குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்கலாம், மாதம் 1,400 யூரோ கிடைக்கும். கடைசி ஆண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம்.

அப்போ எப்படிப் பாராட்டலாம்?

சால்வை போடுங்கள், கூடவே மூன்று விஷயங்களைச் செய்யுங்கள். ஒன்று, ஃப்ளெக்ஸுக்கும் மேடைக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியை அந்த மாணவி கையில் கொடுங்கள். முதல் மாத வாடகைக்கும் குளிர் உடைக்கும் உதவும். அங்கே முதல் தவணை வர எப்படியும் கொஞ்ச நாள் ஆகும்.

இரண்டு, பெற்றோரை மேடைக்குக் கூப்பிடுவதோடு நிறுத்தாமல், அடுத்த இரண்டு வருஷம் வீடு எப்படி ஓடும் என்று தனியாக உட்கார்ந்து கேளுங்கள். முன்னாள் மாணவர் சங்கங்களால் செய்ய முடிகிற உதவி இது.

மூன்று, மைக்கை மாணவியிடம் கொடுங்கள். 'கடின உழைப்பு' என்று பொதுவாகப் பேச அல்ல. எந்த மாதம் விண்ணப்பித்தார், கட்டுரையில் என்ன எழுதினார், யாரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கினார், எத்தனை முறை நிராகரிக்கப்பட்டார் என்று சொல்லட்டும். அதை அப்படியே எழுதி நூலக நோட்டீஸ் போர்டில் ஒட்டினால், கீழே உட்கார்ந்து கைதட்டும் இரண்டாம் ஆண்டு மாணவர்களில் யாராவது ஒருவர் அடுத்த ஆகஸ்டில் விண்ணப்பத்தைத் திறந்து பார்ப்பார்.