யானை தின்றது நாம் சுற்றிக் கட்டிய பார்சல்



பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானை செத்த செய்தி வந்தால் நம் ஊரில் இரண்டு பேச்சு எழும்பும். "சபைதான் பிழை" என்பது ஒன்று. "யானையை ஆர் அங்க வரச் சொன்னது" என்பது மற்றது. இரண்டையும் பேசி முடித்துவிட்டு, பகல் சாப்பிட்ட லஞ்ச் ஷீட்டை மிச்சச் சோற்றோடு சுருட்டிக் குப்பைப் பையில் போடுகிறோம்.

2022 ஜனவரியில் அந்தச் செய்தி உலகம் முழுக்கப் போனது. 8 வருடங்களில் ஏறத்தாழ 20 யானைகள். வெட்டிப் பார்த்தபோது வயிற்றில் பொலித்தீனும் சாப்பாடு சுற்றிய தாள்களும் தண்ணீரும்தான், யானையின் வழமையான தீனி இல்லை என்று மிருக வைத்தியர் சொன்னார்.

நாம் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்கள். "செலுலோசு குளுக்கோசு அலகுகளால் ஆன பல்பகுதியம், தாவரக் கலச்சுவரில் உண்டு" என்று பிள்ளை எழுதினால் சரி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறோம். அந்தச் செலுலோசை யானையாலும் தனியே உடைக்க முடியாது என்று எத்தனை வகுப்பில் சொன்னோம்? அதற்கான நொதியம் யானையின் உடலில் உண்டாவதில்லை. பின்குடலில் வாழும் நுண்ணங்கிகள்தான் உடைத்துக் கொடுக்கின்றன. நாளுக்கு 150 கிலோ அளவில் புல்லும் கொப்பும் தின்கிற மிருகம், கண்ணுக்கே தெரியாத ஒற்றைக் கலத்து உயிர்களின் தயவில் வாழ்கிறது!

பொலித்தீனும் பல்பகுதியம்தான். காபனும் ஐதரசனும் மட்டுமே உள்ள நீளச் சங்கிலி. அதை வெட்ட அந்தக் குடலில் எதுவுமில்லை. யானைக்குத் தெரிவது கறி மணமும் உப்பும்தான். தாளோடு சேர்த்து விழுங்குகிறது, குடல் அடைபடுகிறது, வயிறு நிறைந்தபடியே பட்டினியில் சாகிறது.

சபையில் பிழை இல்லையா? இருக்கிறது, கேட்கத்தான் வேண்டும். ஆனால் சோற்றையும் பொலித்தீனையும் ஒரே முடிச்சில் கட்டியது சபை அல்ல. லஞ்ச் ஷீட் 2017 செப்டெம்பரிலேயே தடை. கடைக்காரர் ஒளித்துத் தருகிறார், நாம் தெரிந்தே வாங்குகிறோம். ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிட்ட சமூகம் நாம். இன்று வலீமா வீட்டுப் படலையடியில் கிடப்பதைப் போய்ப் பாருங்கள்.

வெட்கத்தோடு ஒன்றையும் சொல்ல வேண்டும். சுற்றாடல் தினத்தன்று பாடசாலையில் மரம் நட்டோம். நட்டு முடிந்ததும் பிள்ளைகளுக்குப் பொலித்தீனில் சுற்றிய பார்சல் கொடுத்தோம். கொடுத்தது வேறு யாருமல்ல, விஞ்ஞான ஆசிரியர்களாகிய நாமே. ஒரு பிள்ளை கூட ஏன் சேர் என்று கேட்கவில்லை. கேட்கும்படி நாம் படிப்பிக்கவில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் சாப்பாடு வாழையிலையில்தான். இரண்டு வாளி வைப்போம், மிச்சச் சோறு ஒன்றுக்குள், மற்றக் குப்பை அடுத்ததுக்குள். வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டு வருகிறவர்கள் பெட்டியில் கொண்டு வாருங்கள். லஞ்ச் ஷீட்டோடு வந்தால், யாருடைய வாப்பாவாக இருந்தாலும், வாசலிலேயே சொல்லுவோம்.