நாற்றங்கால் என்று சொல்லாதீர்கள்

கோவில்பட்டியைப் பற்றி எழுத வருகிறவர்கள் முதல் பத்தியிலேயே ஒரு பிழையைச் செய்துவிடுகிறார்கள். கடலைமிட்டாய், தீப்பெட்டி, கி. ராஜநாராயணன் என்று வரிசையாக அடுக்கி, நான்காவதாக 'ஹாக்கியின் நாற்றங்கால்' என்று முடிக்கிறார்கள். 'ஹாக்கிப்பட்டி' என்னும் செல்லப்பெயரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த நாற்றங்காலைத்தான் எங்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நாற்றங்கால் நஞ்சை நிலத்துச் சொல். பாவி, முளைக்கவிட்டு, பிடுங்கி வேறு வயலில் நடுவதற்கென்று ஒதுக்கிய துண்டு நிலம் அது. அங்கே எதுவும் விளையாது. கடம்பூர் சுற்றுவட்டாரத்துக் கரிசலில் எவரும் பருத்தியையோ உளுந்தையோ கம்பையோ பிடுங்கி நட்டதில்லை. ஐப்பசி மழையை நம்பி விதைக்கிறோம். விழுந்த இடத்திலேயே முளைக்கிறது. காய்த்தாலும் கருகினாலும் அங்கேதான். இந்த மண்ணின் ஆட்டத்தைச் சொல்ல ஆற்றுப்பாசனத்துச் சொல்லை எடுத்துவருகிறவர்கள் மண்ணையும் பார்க்கவில்லை, ஆட்டத்தையும் பார்க்கவில்லை என்பதே எங்கள் குற்றச்சாட்டு.

இது வெறும் சொற்சண்டை அன்று. ஒரு சொல் பார்வையாகி, பார்வை அளவுகோலாகிவிடுகிறது. நாற்றங்கால் என்று சொன்ன பிறகு கேட்பதற்கு ஒரே கேள்விதான் மிஞ்சுகிறது: எத்தனை நாற்று வெளியே போயிற்று? 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் கோவில்பட்டிக்காரரான மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூர் மாவட்டத்திலிருந்து வந்து கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயின்ற கார்த்தி செல்வமும் இடம்பெற்றார்கள். முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கார்த்தி கோல் அடித்தார். ஆட்டம் 1-1 என்று முடிந்தது. இந்தியா அந்தத் தொடரில் வெண்கலம் பெற்றது. அந்த வாரம் பத்திரிகைகளெல்லாம் கோவில்பட்டிக்கு வந்தன. நாங்களும் மகிழ்ந்தோம், மறுக்கவில்லை. 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற அணிக்குத் தலைமை தாங்கிய பாஸ்கரனையும், 2004 ஏதென்ஸில் ஆடிய ஆடம் சின்கிளேரையும் சொல்லிச் சொல்லியே காலம் கழித்துக்கொண்டிருந்த மாநிலம் இது. ஆனால் அந்த இருவரோடு அதே விடுதியில் அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடியவர்கள் என்ன ஆனார்கள் என்று அந்த வாரத்திலோ அதற்குப் பிறகோ யாராவது கேட்டார்களா?

கேட்டிருந்தால் ஒன்று புரிந்திருக்கும். விடுதிப் பையனின் கனவில் இந்திய அணியின் நீலச் சட்டை இருக்கலாம். அவன் கணக்கில் இருப்பது வேலை. ரயில்வே, காவல்துறை, வருமானவரித்துறை, வங்கி என்று ஏதோ ஒன்று. மாநில அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அந்த வாசலுக்குச் சாவி சான்றிதழ். தேசியப் போட்டிக்குப் போகும் மாநில அணியில் பதினெட்டுப் பேருக்குத்தான் இடம். பத்தொன்பதாவது ஆளுக்கும் பதினெட்டாவது ஆளுக்கும் ஆட்டத்தில் உள்ள வேறுபாடு ஒரு மயிரிழை; வாழ்க்கையில் உள்ள வேறுபாடு ஓய்வூதியம் வரைக்கும் நீளும். எங்கள் வகுப்பின் கடைசி இருக்கையில், காலைப் பயிற்சியின் களைப்பில் கண் செருகிக் கிடக்கும் பையன்களில் பலர் அந்தப் பத்தொன்பதாவது ஆள்கள். இருபத்திரண்டு வயதில் அவர்கள் மட்டையைக் கட்டி வைத்துவிட்டுத் தீப்பெட்டி ஆலைக்கோ திருப்பூருக்கோ புறப்படும்போது, அவர்கள் ஆடிய ஆட்டத்துக்கு எங்கே சாட்சி இருக்கிறது?

சாட்சி சொல்ல வேண்டியவர்கள் பார்வையாளர்கள். அமெரிக்காவின் சிற்றூர்களில் பேஸ்பாலுக்கென்று கீழ்நிலை லீக்குகள் இருக்கின்றன. நன்றாக ஆடுகிறவனைப் பருவத்தின் நடுவிலேயே பெரிய அணி மேலே அழைத்துக்கொள்ளும். நாற்றங்கால் என்ற பேச்சு ஓரளவு பொருந்துவது அங்கேதான். அப்படியிருந்தும் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் அணியைப் பருவம் முழுவதும் பின்தொடர்கிறார்கள்; புள்ளிக் குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்கிற பழக்கமும் அங்கே உண்டு. 2021இல் பெரிய அணிகளோடு இணைந்த கீழ்நிலை அணிகளின் எண்ணிக்கையை 160இலிருந்து 120ஆகக் குறைத்தபோது, அணியை இழந்த ஊர்கள் துக்கம் காத்தன. மேலே போனவர்களுக்காக மட்டும் பார்த்திருந்தால் அந்தத் துக்கம் வந்திருக்காது.

நம்மிடம் பார்ப்பதற்கு ஆட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கோடையில் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்காக நாட்டின் பெரிய துறை அணிகள் கிருஷ்ணா நகர் மைதானத்துக்கு வருகின்றன. சம்பளம் வாங்கி ஆடும் முப்பது வயது வீரர்களை எதிர்த்து நம் பையன்கள் நிற்கும் அந்த நான்கு கால்பகுதிகள், நாங்கள் அறிந்த நல்ல சிறுகதைகள் எதற்கும் குறைந்தவை அல்ல. 2023 நவம்பரில் சென்னையில் நடந்த தேசிய சீனியர் போட்டியில் தமிழ்நாடு மூன்றாம் இடம் பெற்றது. இதைப் படிக்கும் நண்பர்களில் எத்தனை பேருக்கு அது செய்தி? ஆனால் ஹாக்கி இந்தியா லீக் மீண்டும் தொடங்கியபோது, 'தமிழ்நாடு டிராகன்ஸ்' அணியின் ஏலத்தொகை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தமிழ்நாட்டின் பெயரைச் சுமந்த அந்த ஆடவர் அணி 2024-25 பருவத்தில் தமிழ்நாட்டில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை என்பது மட்டும் யாரையும் உறுத்தவில்லை.

இலக்கிய வாசகர்களிடம் இதை ஏன் சொல்கிறோம் என்று கேட்கலாம். சொல்ல வேண்டிய இடமே இதுதான். கரிசல் இலக்கியம் நமக்குக் கற்றுக்கொடுத்தது என்ன? வென்று வெளியேறியவர்களின் கதையையா? கி.ரா.வும் பூமணியும் சோ. தர்மனும் எழுதியது, மழை பொய்த்த பிறகும் இந்த மண்ணிலேயே கிடந்தவர்களை. எந்த அகராதியும் ஏறிட்டுப் பார்க்காத சொற்களைத் திரட்டிக் கி.ரா. கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி செய்தார். ஒரு சொல்லுக்குக் கிடைத்த மரியாதை ஓர் ஆட்டக்காரனுக்குக் கிடைக்கக் கூடாதா? மாநாடுகளில் 'விளிம்புநிலை' என்று மணிக்கணக்கில் பேசும் நாம், நம் ஊர் மைதானத்தின் விளிம்பில் ஒரு மணி நேரம் நிற்க மாட்டோம் என்றால் அந்தப் பேச்சுக்கு என்ன பொருள்?

மேலே போக ஆசைப்படுவது தவறா என்று சிலர் கேட்பார்கள். தவறில்லை. போகிறவன் போகட்டும், அவனுக்கு வழி இன்னும் அகலமாகட்டும். ஆனால் போகாதவனின் ஆட்டம் போகிறவனுக்கு இட்ட உரம் அன்று. பதினேழு வயதில், பெனால்டி கார்னரில் பாய்ந்துவரும் பந்தை எதிர்த்து ஓடிப்போய் முழங்காலில் வாங்கிக்கொண்டவன், அந்தக் கணத்தில் முழுமையான ஆட்டக்காரன். அவன் ஏற்கெனவே விளைந்துவிட்டவன்.

ஆகவே நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பத்திரிகைகள் நாற்றங்கால் என்று எழுதுவதை விட்டுவிட்டு, ஆட்டத்தின் முடிவையும் ஆடியவர்களின் பெயர்களையும் அச்சிடட்டும். நடத்துகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டின் ஆட்டக் குறிப்புகளையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கட்டும். நண்பர்கள் வரும் கோடையில் ஒரு நாற்பது பக்க நோட்டோடு வரட்டும். கடம்பூர் நிலையத்தில் போளி வாங்கிக்கொண்டு ரயிலேறினால் கோவில்பட்டிக்கு வந்துவிடலாம். ஒருநாள் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம் வரை இருங்கள். பதினெட்டுப் பேரின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் பத்தொன்பதாவது பெயரையும் கேட்டு எழுதுங்கள்.