புயலும் மோட்டார் சைக்கிளும்

ஐப்பசி பிறந்துவிட்டால் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் வானிலை அறிக்கைக்குச் செவி சாய்க்காத வீடு கிடையாது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறிற்று என்ற செய்தி வந்ததும் ஊரார் அனைவரும் கரையில் கூடிவிடுகிறார்கள். படகுகள் மேட்டுக்கு இழுக்கப்படுகின்றன, இயந்திரங்கள் கழற்றப்படுகின்றன, வலைகள் சுருட்டப்பட்டு வீட்டினுள் போகின்றன. இவ்வளவும் ஒழுங்காக நடக்கிறது. வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளைப் பற்றித்தான் ஒருவருக்கும் நினைவு வருவதில்லை. மிஞ்சினால் ஒரு தார்ப்பாயை அதன்மேல் போர்த்தி, கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். காலையில் பார்த்தால் வண்டி மணலில் குப்புறக் கிடக்கிறது, பெட்ரோல் ஒழுகிப் போயிருக்கிறது, கைப்பிடி வளைந்திருக்கிறது, தார்ப்பாய் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

தேசத்தில் எத்தனையோ பெரிய பிரச்னைகள் இருக்க, ஒரு மோட்டார் சைக்கிளுக்காகத் தலையங்கம் எழுத வேண்டுமா என்று நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். பட்டணத்தில் மாலை வேளையில் காற்று வாங்கப் போகிறவரின் வண்டியைப் பற்றி நாம் எழுதவில்லை. பழவேற்காட்டில் மோட்டார் சைக்கிள் என்பது மீன்பிடி சாதனங்களில் ஒன்று. கரையேறிய மீனும் இறாலும் நண்டும் பனிக்கட்டிப் பெட்டியோடு பொன்னேரிக்கும் அதற்கு அப்பாலும் போவது அதன் முதுகில்தான். படகுக்கு வேண்டிய எரிபொருள் வருவதும், பழுதான இயந்திரம் பட்டறைக்குப் போவதும், நள்ளிரவில் பிரசவ வேதனைப்படும் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதும் அதுவே. அநேகமாகத் தவணைக் கடனில் வாங்கிய பொருள். புயல் ஓய்ந்து படகு மீண்டும் கடலில் இறங்கினாலும், வண்டி இல்லாதவன் தன் மீனைக் கரையிலேயே வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

காற்றின் வலிமையைப் பற்றி நம்மவர்களிடையே ஒரு தவறான அபிப்பிராயம் நிலவுகிறது. வேகம் இரட்டித்தால் தாக்குதலும் இரட்டிக்கும் என்று எண்ணுகிறார்கள். வாஸ்தவத்தில் அது நான்கு மடங்காகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஏறக்குறைய 17 கிலோகிராம் பாரத்துக்குச் சமமாக அழுத்தும். 120 கிலோமீட்டர் வேகத்தில் அது 70 கிலோகிராமை நெருங்குகிறது. சாதாரண மோட்டார் சைக்கிளின் எடை 110, 120 கிலோகிராம். அதைத் தாங்கி நிற்பதோ ஒரு முழம்கூட அகலமில்லாத ஒரு ஸ்டாண்டு. 2016 டிசம்பர் 12-ல் சென்னையருகே கரை கடந்த வர்தா புயலின்போது, காற்று நூறு கிலோமீட்டரைத் தாண்டி வீசிய பொழுதில், ஸ்டாண்டை மட்டும் நம்பி நிறுத்திய வண்டி எப்படி நிற்கும்?

இனி அந்தத் தார்ப்பாய் விஷயத்துக்கு வருவோம். கடலில் காற்று வலுத்தால் மீனவன் முதலில் செய்யும் காரியம் பாயை இறக்குவது. தகப்பனும் பாட்டனும் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமில்லாமலே அவனுக்குத் தெரிந்த பாடம் இது. அதே மனிதன் கரையில் தன் வண்டிக்குப் பாய் கட்டிவிடுகிறான்! போர்வை இல்லாத மோட்டார் சைக்கிளில் காற்று சக்கரத்தின் கம்பிகளுக்கிடையிலும் சட்டத்தின் சந்துகளிலும் புகுந்து போய்விடும். தார்ப்பாயைப் போர்த்தியதும் அந்தச் சந்துகளெல்லாம் அடைபட்டுப் போகின்றன. கீழே புகுந்த காற்று துணியை உப்பச் செய்து வண்டியையே தூக்கப் பார்க்கிறது. மழைக்குப் போர்த்துவது வேறு, புயலுக்குப் போர்த்துவது வேறு. உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்குமே என்று கவலைப்படுவோர், புயல் ஓய்ந்தபின் நல்ல தண்ணீரில் கழுவிச் சங்கிலிக்கு எண்ணெய் இடலாம். துருவைத் துடைத்துக்கொள்ளலாம், முறிந்த கைப்பிடிக்குப் பட்டறையில் பணம் கட்ட வேண்டும்.

காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்பதும் முக்கியம். புயல் நமக்குத் தெற்கே கரை கடந்தால், வாடையும் கொண்டலும் கலந்து வடகிழக்கிலிருந்து தொடங்கும் காற்று, கிழக்காகி, பிறகு தென்கிழக்காகத் திரும்பும். 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலைப்போல் கரையை ஒட்டி வடக்கே போய், பாபட்லா அருகே கரையேறினாலோ, வடக்கிலிருந்து வீசிய காற்று மேற்காகத் திரும்பிக் கச்சானாகிவிடும். புயலின் கண் தலைக்கு மேலேயே கடந்தால் சிறிது நேரம் காற்றே நின்றுபோய், அப்புறம் நேர் எதிர்த்திசையிலிருந்து அறையும். வர்தாவின்போது சென்னைவாசிகள் இதைக் கண்கூடாகக் கண்டார்கள். ஆகையால் ஒரு பக்கம் மட்டும் பார்த்து நிறுத்திய வண்டி பாதி இரவுக்குத்தான் பத்திரம்.

பின் என்ன செய்வது? படகைக் கட்டுவதுபோல் வண்டியையும் கட்ட வேண்டும் என்பதே நம் யோசனை. கெட்டியான காங்கிரீட் வீட்டுச் சுவரின் மறைவில், தண்ணீர் ஏறாத மேட்டில் அதை நிறுத்துக. தென்னை மரத்தடியும், பூசாத செங்கல் மதிலோரமும், மின்கம்பத்தின் அருகும் ஆகா. மணலில் ஸ்டாண்டு புதைந்துவிடுமாதலால் அதன் கீழே ஒரு பலகைத் துண்டு அவசியம். பக்க ஸ்டாண்டு போடுகிறவர்கள், முதலில் வரக்கூடிய காற்று வண்டியை அந்த ஸ்டாண்டின்மேல் சாய்க்கும்படியாக நிறுத்த வேண்டும். எதிர்ப்புறமாக நிறுத்தினால் காற்றே வண்டியை நிமிர்த்தி மறுபக்கம் தள்ளிவிடும். முதல் கியரில் போட்டு, முன் பிரேக்கை இறுக்கிக் கட்டிவிடுவதும் நல்லது. மீன் பெட்டிகளும் கண்ணாடிகளும் கழற்றப்பட வேண்டும்.

அதன்பின் கயிறு. முன்சக்கரத்தின் மேலுள்ள கவையிலிருந்து இரண்டு, பின்புறச் சட்டத்திலிருந்து இரண்டு, இருபுறமும் சரிவாக இழுத்துக் கட்டிய நான்கு கயிறுகள் இருந்தால் காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஜோடி பிடித்துக்கொள்ளும். கைப்பிடி நுனியில் கட்டுவது பிசகு, அது திரும்பிக்கொடுத்துவிடும். மணலில் அடித்த முளை மழையில் இளகிப் பிடுங்கிக்கொள்ளும். அதற்குப் பதிலாக, இரண்டு முழ ஆழக் குழியில் ஒரு கட்டையைப் படுக்கவைத்து, நடுவில் கயிற்றைக் கட்டி, மணலைத் தள்ளி மிதித்துவிட்டால் நான்கு ஆள் இழுத்தாலும் வராது. சுவரும் மறைவும் அற்ற குடிசைக்காரருக்குக் கடைசி வழி ஒன்றுண்டு. பெட்ரோல் குழாயை மூடி, அடுப்பில்லாத இடமாகப் பார்த்து, கோணிகளைப் பரப்பி, வண்டியைத் தாமே மெதுவாகப் படுக்கவைத்துவிடலாம். கொஞ்சம் பெட்ரோல் கசியலாம். ஆனால் விழுந்து உடையாது.

இவ்வளவும் ஜனங்கள் செய்துகொள்ளக்கூடியவை. சர்க்கார் செய்ய வேண்டியது வேறு இருக்கிறது. பேரிடர் நிவாரண விதிகளில் மீனவரின் படகுக்கும் வலைக்கும் உதவித்தொகை உண்டு. கைத்தறி நெசவாளர், கைவினைஞர் ஆகியோரின் கருவிகளுக்கும் உண்டு. மோட்டார் சைக்கிளைக் காணோம். தொழிற்கருவி என்ற தத்துவம் நமது சட்டத்துக்குப் புதிதல்ல. அந்நியர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1908-ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவே, கைத்தொழிலாளியின் கருவிகளையும் விவசாயியின் ஏரையும் மாட்டையும் கடனுக்காக ஜப்தி செய்யலாகாது என்று விலக்கு அளித்தது. கடன்காரனிடமிருந்து காப்பாற்றத்தக்கது கருவி என்று அந்தச் சட்டம் கண்டது. கடற்காற்றால் அது நாசமாகும்போது சுதந்திர நாட்டின் சர்க்கார் அதைக் கருவி என்று ஏற்கத் தயங்குவானேன்?

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஐந்து வருஷத்துக்குக் கட்டாயமாக்கப்பட்டது மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸ். வண்டியால் பிறருக்கு நேரும் நஷ்டத்தைத்தான் அது ஈடுசெய்யும். புயலில் விழுந்த தன் வண்டிக்கு ஒரு காசும் கிடைக்காது. புயல், வெள்ளச் சேதத்துக்கான பாலிஸியைத் தனியே புதுப்பித்துவர வேண்டும். வண்டி வாங்கியபோது கையில் கொடுத்த காகிதம் ஐந்து வருஷமும் காக்கும் என்று நம்பியிருப்பவர்கள் இன்றே அதை எடுத்துப் படித்துப் பார்ப்பது நலம்.

இன்னொரு விஷயமும் உண்டு. நமக்கு மிகுந்த கவலை தருவது அதுவே. குப்பத்தை விட்டுப் புயல் காப்பகத்துக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் அழைக்கும்போது, பொருளை விட்டுவிட்டு எப்படி வருவது என்று ஆண்பிள்ளைகள் பின்தங்குவதற்குக் காரணம் பிடிவாதம் மட்டுமன்று. காப்பகத்தில் மனிதருக்கு இடமுண்டு. அவர்கள் ஏறிவரும் வண்டிக்கு இடமில்லை. காப்பகச் சுவரை ஒட்டித் தரையில் காங்கிரீட் போட்டு, இரும்பு வளையங்களை வரிசையாகப் பதித்துவிட்டால், பெண்டு பிள்ளைகளை ஏற்றிவந்த வண்டியை அங்கேயே கட்டிவிட்டு அவர்களும் உள்ளே போவார்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு நிவாரண விழாப் பந்தலுக்கு ஆகும் செலவைவிட அதிகமிராது என்பது நம் ஊகம்.

ஏரியில் யார் எந்நாளில் எவ்விடத்தில் வலை போடுவது என்பதைப் பாடு முறையால் தலைமுறை தலைமுறையாகத் தாங்களே வகுத்துக்கொண்டுவரும் ஊர்கள் இவை. எச்சரிக்கை வந்த அன்று படகிழுக்க ஒரு கூட்டமும், வண்டிகளைக் கட்ட ஒரு கூட்டமும் முறை போட்டுக்கொள்வது இவர்களுக்குச் சிரமமான காரியமல்ல. வளையங்களுக்காகவும், நிவாரணப் பட்டியலில் வண்டியைச் சேர்ப்பதற்காகவும் கிராமப் பஞ்சாயத்தார் திருவள்ளூர் ஜில்லா கலெக்டருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுவார்களாயின், அதன் பிரதியை இப்பத்திரிகையில் முழுவதும் வெளியிட நாம் தயாராக இருக்கிறோம். வாடை தொடங்குமுன் அது நமக்கு வந்து சேர வேண்டும்.