வெறுங்காலில் வென்ற வீரர்கள்

முதன்முதலில் மனதில் குடியேறிய வீரனைக் கால்பந்து ரசிகன் மறப்பதில்லை. கொல்கத்தாவில், தாத்தா சொல்லிப் பேரன் அறிந்த வீரர்களும் உண்டு.

1911-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி. ஐ.எப்.ஏ. கேடய இறுதி ஆட்டம். பூட்சு அணிந்த ஆங்கிலப் பட்டாளத்தை மோகன் பகான் அணி எதிர்த்தது. பதினோரு பேரில் பத்துப் பேருக்கு வெறுங்கால்!

முதல் கோல் பட்டாளத்தாருக்கு. தலைவர் சிப்தாஸ் பாதுரி பதில் கோல் போட்டார். அபிலாஷ் கோஷ் வெற்றி கோலை அடித்தார். கேடயத்தை வென்ற முதல் இந்திய அணி அதுதான். அடிமைப்பட்ட நாடு தலை நிமிர்ந்தது.

இன்றைய பிள்ளைகள் வெளிநாட்டு வீரர்களின் பெயர் பொறித்த பனியனை அணிகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் சிப்தாஸ் யார் என்று கேட்டால் விழிக்கலாமா? அது பிள்ளைகளின் குற்றம் அல்ல. சொல்லாத பெரியவர்களின் குற்றம்!